பத்திரத்துக்கு முன்னே பூச்சு

என் தம்பியை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பழசு' என்றால்தான் தெரியும். நாற்பது வயதுகூட நிரம்பாதவனுக்கு இப்படி ஒரு பட்டம். பழைய வீடு எங்கே விலைக்கு வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறானாம், வீட்டுப் புரோக்கர்கள் சேர்ந்து வைத்த பெயர். நாளாக ஆக அவனே ஃபோனை எடுத்து, "ஆமா, பழசுதான் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அம்மா அப்பா ஆசையா வச்ச பேர் ஒண்ணு இருந்ததே, அதையும் யாருக்காவது வித்துட்டியா?" என்று கேட்டால் சிரிப்பான். அவனிடம் உள்ள பெரிய கோளாறே அந்தச் சிரிப்புதான். அதைப் பார்த்தால் திட்ட வந்தது பாதி மறந்துபோகும்.

நான் அவனுக்கு அக்கா. கல்யாணமாகி, அது சரிப்பட்டு வராமல், தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். முன்னறை எனக்கு. அங்கேதான் மெஷின், துணி மூட்டை, என் கட்டில் எல்லாம். பின்னால் இருக்கிற இரண்டு அறைகளில் தம்பியும் அவன் மனைவியும். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எங்கள் பெற்றோர் விட்டுப் போன வீடு அது. பத்திரத்தில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தம்பி எத்தனையோ வீடுகளை வாங்கி விற்றான், ஆனால் நான் சொல்ல வந்தது இந்த ஒரு வீட்டைப் பற்றித்தான்.

ஆரம்பத்தில் அவன் பெயிண்டர். ஒருமுறை பாழடைந்து கிடந்த ஒரு வீட்டின் ஒழுகலை அடைத்து, சுவரைத் தேய்த்து, வர்ணம் அடித்துக் கொடுத்துவிட்டுக் கூலியோடு வந்தான். அடுத்த மாதமே வீட்டுக்காரர் அந்த வீட்டை, தான் வாங்கின விலைக்கு ஒன்றரை மடங்குக்குக் கைமாற்றிவிட்டார். அன்று அவன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "தேய்ச்சது நான்க்கா. தும்மித் தும்மி மூக்குல ரத்தம் வந்தது எனக்கு. வீட்டுக்காரர் சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சாரு. லாபம் யாருக்குப் பாத்தியா?" என்றான். அவனுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

அவனே வாங்கி விற்ற முதல் இரண்டு வீடும் நன்றாகவே போயின. அப்போதெல்லாம் பழைய வீட்டை யாரும் சீந்த மாட்டார்கள். அவன் நிதானமாகப் பார்ப்பான். மழை நாளில்தான் வீடு பார்க்கக் கிளம்புவான். "வெயில்ல எல்லா வீடும் அழகுதான்க்கா" என்பான். எந்த மூலையில் ஈரம் ஏறுகிறது, எந்தக் கதவு தரையைத் தேய்க்கிறது, குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எல்லாம் பார்த்துவிட்டு, விலை பேசி, வாங்கி, சரி செய்து, விற்பான். மனைவிக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தான். எனக்கு மோட்டார் வைத்த மெஷின். இனி நம் காலம்தான் என்று நானும் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

அப்புறம் ஊரே இந்தத் தொழிலில் இறங்கியது. பல் டாக்டர் வீடு வாங்கி விற்கிறார். டிராவல்ஸ்காரர் வாங்கி விற்கிறார். எல்லாருக்கும் மேலே ஒருத்தர், கண்ணாடிக்காரர். இருட்டறைக்குள் நுழைந்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். சுவரைத் தொட்டுப் பார்க்கவும் மாட்டார். வாசலில் நின்றே விலை சொல்லுவார், சொன்ன விலையை மொத்தமாக ரொக்கமாக எடுத்து வைப்பார். என் தம்பி உள்ளே போய் ஈரத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே வெளியே பேரம் முடிந்துவிடும். கையில் காசு, வாயில் தோசை என்பார்களே, அந்த ரகம்.

வீடு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. வாசலில் புல் வளர்ந்த வீடு, தபால் பெட்டி நிரம்பி வழிகிற வீடு, நாளெல்லாம் ஜன்னல் திறக்காத வீடு என்று தெருத்தெருவாகத் தேடிக்கொண்டு அலைவான். ஒருநாள் தெரிந்தவர் ஒருத்தர் இறந்துவிட்டார் என்று கிளம்பினான். பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் வீடு விலைக்கு வரும் என்பது அவன் கணக்கு. போய்ப் பார்த்தால், முன்வரிசை நாற்காலியில் ஏற்கெனவே கண்ணாடிக்காரரும் இரண்டு புரோக்கர்களும் துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. "பாடிகூட இன்னும் எடுக்கலைக்கா. நான் மேல ஓட்டைப் பாத்துட்டு நிக்கறேன், எத்தனை ஓடு மாத்தணும்னு" என்றான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சும்மாவா சொன்னார்கள். "இந்தப் பிழைப்பு வேண்டாம்டா, பிரஷ்ஷை எடு" என்றேன். "கூலிக்குப் போக மனசு வரலைக்கா" என்றான்.

இந்தச் சமயத்தில்தான் டீச்சர் வீடு வந்தது. அவர் என் வாடிக்கையாளர், ரிட்டயரான பள்ளிக்கூட ஆசிரியை, தனியாக இருந்தார். தலையணை உறை தைக்கக் கொடுத்தாலும் அளவெடுத்து, தப்பு கண்டுபிடித்து, பிரிக்கச் சொல்லுகிற ஆள். ஒருநாள் வந்தவர் துணியைக் கொடுக்காமல் உட்கார்ந்துவிட்டார். "வீட்டை வித்துட்டுப் பையன்கிட்டப் போறேம்மா. ஒழுகாத இடமில்லை. அடியில வைக்கப் பாத்திரமும் இல்லை" என்றார். வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லையாம். அவர் படியிறங்கியதும் நான் தம்பிக்கு ஃபோன் செய்தேன்.

போய்ப் பார்த்தான். பெரிய வீடு, நல்ல தெரு, அஸ்திவாரம் உறுதி. ஒழுகல் மட்டும்தான் வியாதி. திரும்பி வந்தவன் முகத்தில் பழைய வெளிச்சம். "இது ஒண்ணு கிடைச்சாப் போதும்க்கா, நிமிர்ந்துடுவோம்."

பணத்துக்கு வங்கிக்குப் போனோம். எங்கள் வீட்டில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள். மேனேஜர் மரியாதையான மனிதர்தான். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வாங்கப்போற வீட்டோட நிலைமை சரியில்லையே சார். ஒழுகற வீட்டுக்கு நாங்க கடன் தர்றதில்லை. ரிப்பேர் பண்ணிட்டு வாங்க" என்றார்.

"ரிப்பேர் பண்றதுக்குத்தான் சார் வாங்கறேன்" என்றான் தம்பி.

"அப்போ வாங்கி ரிப்பேர் பண்ணுங்க."

"வாங்கறதுக்குத்தான் சார் கடன் கேக்கறேன்."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. அதை நான் அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். வாசலில் நின்ற காவலாளி மட்டும் சிரித்தார். எங்கள் சொந்த வீட்டின் பேரில் கடன் கேட்டோம். சம்பளச் சீட்டு வேண்டும் என்றார்கள். பழசுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

இந்தத் தொழிலில் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், குறித்த தேதி வரைக்கும் வீட்டுக்காரர் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. அந்தத் தேதிக்குள் மீதியைக் கொடுத்தால் பத்திரம் நம் பெயருக்கு மாறும். கொடுக்காவிட்டால் முன்பணமும் போச்சு, வீடும் போச்சு. முன்பெல்லாம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். கண்ணாடிக்காரர் போன்றவர்கள் கெடுத்து வைத்ததில், இப்போது விலையில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்தால்தான் வாசற்படி மிதிக்கலாம். அந்தப் பணத்துக்கு ஒரே வழி ஃபைனான்ஸ்காரர். அவர் சம்பளச் சீட்டெல்லாம் கேட்க மாட்டார், வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்பார்.

"மாட்டேன்" என்றேன். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. தட்டில் சாப்பாட்டைப் போட்டு ஓசையோடு நகர்த்துவேன், அவ்வளவுதான். கடைசியில் அவன் மனைவி வந்து என் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணி, அவர் தூங்கறதே இல்லை. கண்ணை மூடிக்கிட்டு சும்மா படுத்திருக்காரு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அதிகம் பேசாத பெண். அவளே வந்து கேட்ட பிறகு நான் என்ன செய்வேன்? மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஃபைனான்ஸ்காரரின் மேஜைமேல் பத்திரத்தை வைத்தேன். தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். "இது ஒண்ணுதான்க்கா." "இதைத்தானேடா ஒவ்வொரு தடவையும் சொல்றே" என்றேன்.

டீச்சர் முன்பணத்தை வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் எழுதியாயிற்று. மீதியைக் கொடுக்க ஆறு மாதம் தவணை. மகனிடம் கிளம்பும்போது அவர் சாவியைத் தம்பி கையில் கொடுத்தார். "பூட்டியே கிடந்தா எலிதான் குடியிருக்கும். நீயே வச்சுக்கோப்பா."

அந்தச் சாவிதான் அவனைக் கெடுத்தது. மீதிப் பணத்துக்கு அவன் போட்ட திட்டம் இது: வீட்டை வாங்க ஒரு குடும்பத்தைப் பிடிப்பது, அவர்கள் கொடுக்கிற பணத்தை வைத்து டீச்சர் கணக்கை முடிப்பது, பத்திரத்தை நேராக அவர்கள் பெயருக்கே மாற்றுவது, நடுவில் நிற்கிற லாபத்தில் ஃபைனான்ஸ்காரரிடமிருந்து எங்கள் பத்திரத்தை மீட்பது. ஆட்களைக் கூட்டிவந்து காட்டவும் செய்தான். ஒழுகின கறையும் பெயர்ந்த பூச்சும் பார்த்துவிட்டு, வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்கள். உடனே இவன் முடிவு செய்துவிட்டான், முதலில் வேலையை முடித்துவிடுவது என்று.

"பத்திரம் இன்னும் டீச்சர் பேர்லதானேடா இருக்கு? அடுத்தவங்க வீட்டை நீ ஏன் பூசறே?" என்று கேட்டேன்.

"ஒப்பந்தம் இருக்குக்கா. சும்மா கிடக்கற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுது. வீடு கண்ணுக்கு நல்லா இருந்தா நாலு பேர் போட்டி போட்டு வாங்குவாங்க."

நான் தையல்காரி. வெட்டுவதற்கு முன்னால் துணி யாருடையது என்று கேட்கத் தெரிந்தவள். அவனோ பாழ் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காதவன். ஹார்ட்வேர் கடையிலும் டைல்ஸ் கடையிலும் பழசு என்ற பெயருக்கே கடன் கொடுத்தார்கள்.

அவன் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மொட்டைமாடியில் வெடிப்புக்குள் வேர்விட்டிருந்த செடிகளைப் பிடுங்கினான். உள் கூரையில் உப்பியிருந்த பூச்சைக் கொத்தி எடுத்து, துருப்பிடித்த கம்பியைப் பளபளக்கத் தேய்த்து, மருந்து அடித்து, மறுபடி பூசினான். குளியலறையில் தண்ணீர் வழக்கமாகவே மூலையில் தேங்கி நிற்குமாம். தரையை முழுக்கப் பெயர்த்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தான். சமையலறைத் தொட்டியை ஜன்னலுக்குக் கீழே மாற்றினான். அவன் மனைவி கடையிலிருந்து நேராக வந்து மண் சலித்தாள். நான் திரைச்சீலை தைத்தேன். கடைசியாக மாடியில் தண்ணீர் போகிற வாயை அடைத்து, கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீரைக் கட்டிவிட்டு, கீழே வந்து கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் முழுக்கக் கழிந்தும் ஒரு பொட்டுக்கூட இறங்கவில்லை. "பாத்தியாக்கா?" என்று சிரித்தான். நான் அவன் தலையில் இருந்த சிமெண்டைத் தட்டிவிட்டேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண் கணவனோடு வந்தாள். பார்த்ததுமே பிடித்துவிட்டது. வங்கிக் கடன் போட்டு வாங்குவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய வங்கி, "விக்கறவர் பேர்ல பத்திரம் இருக்கா?" என்று கேட்டது. இல்லை. டீச்சரே நேராக எழுதிக் கொடுப்பார் என்றதையும் அவர்கள் ஏற்கவில்லை. "அப்போ அவர் பேருக்கு மாத்திட்டு வாங்க." மாற்றப் பணம் வேண்டும், பணம் அவர்கள் வங்கியிலிருந்து வர வேண்டும். மறுபடியும் அதே பைத்தியம், அதே கல்யாணம்.

தவணை நெருங்க நெருங்க அவன் நடையே மாறிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பான், பாதியில் நிறுத்திவிடுவான். தெரிந்தவன் தெரியாதவன் எல்லார் காலிலும் விழுந்தான். கண்ணாடிக்காரரிடமும் போனான். அவர், "ஒப்பந்தத்தை என் பேருக்கு மாத்திக் குடு. நீ குடுத்த முன்பணத்தை மட்டும் தர்றேன். பூச்சு, டைல்ஸ் கதையெல்லாம் என்கிட்டப் பேசாதே" என்றாராம். அவன் மனைவி, "வாங்கிடுங்க. நம்ம வீடாவது மிஞ்சும்" என்று கெஞ்சினாள். நானும் சொன்னேன். அவன் எழுந்து நின்றுகொண்டு கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. "என் உழைப்பு மொத்தமும் அவனுக்கு இனாமா? டைல்ஸ் கடைக்கு யாரு குடுக்கறது? இவனும் சேர்ல உக்காருவான், நான் மறுபடியும் தும்மணுமா?" கத்திவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குக் கடைசியாகத் தோன்றிய வழி டீச்சர். வேலையை நேரில் பார்த்தால் மனம் இளகி, இரண்டு மாதம் தவணையை நீட்டிக் கொடுப்பார் என்று நினைத்தான். அவனே ஃபோன் செய்து, "ஒருதடவை வந்து பாருங்க டீச்சர்" என்று வரவழைத்தான். டீச்சர் மகனோடு வந்தார். நானும் போயிருந்தேன்.

தம்பி ஒவ்வொரு அறையாக அழைத்துப் போனான். ஒவ்வொரு குழாயையும் திறந்து காட்டினான். ஜன்னல் கதவைச் சுண்டுவிரலால் தள்ளிக் காட்டினான். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது ஓடி மறைகிறதைக் காட்டினான். விற்பவனைப் போலவே பேசிக்கொண்டிருந்தான். யாரிடம் எதை விற்கிறான் என்று அவனுக்குப் புரியவில்லை. சமையலறைக்கு வந்ததும் டீச்சர் புது மேடையைத் தடவிப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"இனிமே ஒழுகாதாப்பா?"

"ஒரு சொட்டு இறங்காது டீச்சர். நான் பொறுப்பு."

"அப்போ நான் எதுக்குப்பா விக்கணும்?"

கேலியில்லை, தந்திரமில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டார். தம்பி இன்னும் சிரித்தபடியே நின்றான். அந்தச் சிரிப்பு மெல்ல எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

மகன்தான் பேசினான். அதுவரை சுவரில் சாய்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவன். "தேதி அடுத்த வாரம் முடியுது இல்லையா? பணம் ரெடியா?" தம்பி திறந்திருந்த குழாயை மூடினான். "ஒப்பந்தத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"பூசினதுக்கு, டைல்ஸுக்கு எல்லாம்..." என்று தம்பி இழுத்தான்.

"நாங்க பூசச் சொன்னமா?"

டீச்சர் மகன் பக்கம் திரும்பி, "வாங்கினதையாவது திருப்பிக் குடுத்துடலாம்டா" என்றார். "எங்க இருக்கும்மா? என் கடையில வந்த கடனை அதை வச்சுத்தானே அடைச்சேன்" என்றான் அவன். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உறை ஒரு விரல்கடை பிசகினா பிரிச்சுத் தைக்கச் சொல்லுவீங்களே டீச்சர். இது உங்களுக்கு நியாயமா படுதா?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லைம்மா. படலை. ஆனா அவன் வீட்டுல நான் ஹால்ல படுத்துக்கறேன். எல்லாரும் தூங்கினப்புறம்தான் எனக்குப் பாய். எனக்கு வேற வீடு இல்லைம்மா."

"எங்களுக்கும் வேற வீடு இல்லை டீச்சர்."

அவர் என் கையை விட்டுவிட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை சாபம் விட்டாவது ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "இதுல ரிப்பேர் பத்தி ஒரு வரிகூட இல்லையே. யாரைக் கேட்டு செஞ்சீங்க?" என்றார். வழக்குப் போட்டால் வருஷக்கணக்காக இழுக்கும், அதுவரை வட்டி நிற்காது என்றும் சொன்னார். தேதி வந்தது, போனது. ஃபைனான்ஸ்காரரின் ஆள் எங்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தான். உரக்கப் பேசக்கூட மாட்டான். தைக்க வருகிற பெண்களுக்கு எழுந்து வழிவிடுவான். ஒவ்வொருத்தியும் அவன் யார் என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவாள். எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

எங்கள் வீட்டை ஏலத்துக்கு விட்டால் இன்னும் அடிமாட்டு விலைதான். உடனே ரொக்கம் தருகிறவர் ஊரில் ஒருத்தர்தான் இருந்தார். கண்ணாடிக்காரர் வந்தார். வாசலிலேயே நின்று விலை சொன்னார். உள்ளே வரவில்லை. ஃபைனான்ஸ்காரருக்குப் போக மிஞ்சியது, டைல்ஸ் கடையின் பாதிக் கடனுக்குக்கூடப் போதவில்லை. பதிவு அலுவலகத்தில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட தம்பி, பேனாவை என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாருடா" என்றேன். பார்க்கவில்லை.

பேட்டரிக் கடைக்கு மேலே ஒரே அறை வாடகைக்குக் கிடைத்தது. மெஷினை மாடிப்படித் திருப்பத்தில் போட்டுக்கொண்டேன். ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும். தம்பி பத்துப் பதினைந்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் மனைவி கடைக்குப் போகும்போது, "அவரைப் பாத்துக்கோங்க அண்ணி" என்பாள். எதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் மெஷினை ஓட்டிக்கொண்டே கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

ஒருநாள் கண்ணாடிக்காரரிடமிருந்து ஃபோன் வந்தது. எங்கள் வீட்டைச் சரி செய்து விற்கப் போகிறாராம். "நல்ல கை வேணும். உன்னை விட்டா யாரு இருக்கா? நாள் கூலி தர்றேன்." தம்பி எழுந்து சட்டையை மாட்டினான்.

"சூடு சொரணை இருக்காடா உனக்கு?" என்று படிக்கட்டு அதிரக் கேட்டேன். "உன் வீட்டை அடிச்சுப் பிடுங்கினவன்கிட்டயே போய், அந்த வீட்டுக்கே கூலிக்குச் சுண்ணாம்பு அடிப்பியா?"

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் மனைவிதான் பதில் சொன்னாள். "போகட்டும் அண்ணி. எழுந்து நின்னாரே, அது போதும்."

நான் அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்தேன். ஒருநாள் அவன் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனதால் போக வேண்டியதாயிற்று. என் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த சுவர் இல்லை. வீடு முழுக்க ஒரே வெளிச்சம். எங்கள் அப்பா காலத்திலிருந்து இருட்டாகவே கிடந்த வீடு அது. ஊரான் வீட்டையெல்லாம் சீர்திருத்தினவன் இதற்கு ஒரு ஆணிகூட அடித்ததில்லை. காசெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இப்போது பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கண்ணிமையெல்லாம் வெள்ளை. தேய்த்துவிட்டுக் கன்னத்தை வைத்துச் சுவரைப் பார்த்தான். மேடு பள்ளம் தெரிகிறதா என்று பார்க்கிறானாம். மறுபடி தேய்த்தான்.

"எதுக்குடா இப்படி இழைக்கறே? சுமாரா பண்ணு. அவன் வித்துக் கிழிக்கட்டும், பாக்கலாம்" என்றேன்.

"சுமாரா பண்ணா நாளையிலிருந்து வேண்டாம்னுடுவாருக்கா" என்றான். நான் தூக்குச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, மெஷின் இருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவன் உப்புத்தாளைக் கீழே வைக்காமலே என் பக்கத்தில் வந்து நின்றான்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. கண்ணாடிக்காரரின் ஆள் ஒரு அம்மாவை வீடு பார்க்கக் கூட்டிவந்திருந்தான். நான் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அந்த அம்மா நல்ல மாதிரி. சுவரைத் தொட்டுப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார். கூட வந்தவன் ஃபோன் பேச வெளியே போனதும், தம்பியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்களைப் பாத்தா உண்மையைச் சொல்றவர் மாதிரி இருக்கு, அதான் கேக்கறேன். இங்க இருந்தவங்க ஏன் வித்துட்டுப் போனாங்க? ஏதாவது கஷ்டமா? கஷ்டப்பட்டுப் போனவங்க வீடு எங்களுக்கு வேண்டாம்."

தம்பி கையில் இருந்த தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. நல்லா இருந்தவங்க. இதைவிடப் பெரிய வீடா வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. என்னைப் பார்த்து, "நீங்க இந்தத் தெருவா? உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். பதிவு அலுவலகத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் என் கண்ணை நேராகப் பார்த்தான்.

"தெரியும்மா. அக்கா தம்பி ரெண்டு பேரும் இங்கதான் இருந்தாங்க. ரொம்ப நல்லா இருந்தாங்க" என்றேன்.

பின்னறைகளையும் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். அவர் போவதற்கு நான் ஒதுங்கி வழிவிட்டேன்.